சாட்ஸ்வொர்த் வீட்டில் ‘கோல்ட் ஃபாக்ட்’

டெட்ராய்ட் நகரத்துப் பாடகர் சிக்ஸ்டோ ராட்ரிகஸின் முதல் இசைத்தட்டான ‘கோல்ட் ஃபாக்ட்’ 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தபோது அங்கே அதைச் சீந்துவார் இல்லை. அடுத்த ஆண்டு வந்த ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’யும் விலைபோகவில்லை. அவற்றை வெளியிட்ட சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவர் பாட்டுத் தொழிலை விட்டுவிட்டு, பழைய கட்டடங்களை இடித்தும் செப்பனிட்டும் கூலி வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் அதே தட்டு தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்து, அரசு வானொலியின் தயவு இல்லாமலேயே கைக்குக் கை மாறி, இந்நாட்டில் ஆங்கிலப் பாட்டுக் கேட்பவர்களின் வீடுகளில் நிலையாகக் குடிபுகுந்துவிட்டது. டர்பன் நகரின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. அதன் மறுபதிப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் இளைஞர்கள், இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, கைபேசியில் கேட்டால் போதாதா என்று என்னிடம் கேட்கிறார்கள். வாங்குங்கள் என்பதே என் விடை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றி. அட்டையில் அதே பழைய படந்தான்: கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்த ராட்ரிகஸ் ஒரு கண்ணாடி உருண்டைக்குள் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாடல்கள். முழுவதையும் கேட்டு முடிக்க அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 1969 ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் டெட்ராய்டில் மைக் தியடோரும் டென்னிஸ் காஃபியும் இவற்றைப் பதிவு செய்தார்கள். பேஸ் கிதார் வாசித்த பாப் பாபிட், டெட்ராய்டின் புகழ்பெற்ற மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் வாசித்துத் தேர்ந்த கை. அதனால்தான் ‘ஐ வொண்டர்’ பாடலின் தொடக்கத்தில் வரும் அந்த உருளும் பேஸ் ஒலியை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. புதிய தட்டில் அது துலக்கமாக எழுகிறது. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது கேட்ட கேசட்டுகள் நகலுக்கு நகலாக எடுக்கப்பட்டவை. அவற்றில் பேஸ் இருந்த இடமே தெரியாமல், குரலும் இரைச்சலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ‘க்ரூசிஃபை யுவர் மைண்ட்’ பாடலில் குரலுக்குப் பின்னால் பித்தளைக் கருவிகள் வந்து போவதை இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறேன்.

ராட்ரிகஸின் குரல் பெரிய குரல் அன்று. உச்சத்துக்குப் போய் நின்று காட்டும் வித்தை அவரிடம் இல்லை. சொல்லைத் தெளிவாக உச்சரித்து, அடுத்தவரிடம் செய்தி சொல்வதுபோலப் பாடிப் போகிறார். முதல் பாடலான ‘ஷுகர் மேன்’ போதைப்பொருள் விற்பவனை நோக்கிப் பாடப்படுவது. தனிக் கிதாராகத் தொடங்கி, சுழன்று சுழன்று வரும் விநோதமான மின்னொலிகளுக்குள் அது மெல்ல மூழ்குகிறது. உடனே அடுத்ததாக ‘ஒன்லி குட் ஃபார் கான்வர்சேஷன்’ பாடலில் காஃபியின் மின்கிதார் கரகரவென்று இறங்கி, இது ராக் இசைத்தட்டு என்பதை நினைவூட்டிவிடுகிறது. முதல் பக்கத்தின் நான்காவது பாடல்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தட்டின் முதுகெலும்பு. ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பாடலில், மூச்சு விடாமல் ஒரு நகரத்தின் கேடுகளை அடுக்கிக்கொண்டே போகிறார்: குற்றக் கணக்கை மறைக்கும் நகரத் தலைவர், அள்ளப்படாத குப்பை, பாதுகாப்பில்லாத பெண்கள். எங்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. இன்னது செய் என்று கேட்பவரைத் தூண்டுவதுமில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு, இந்த ஆட்சி விழும் என்று மட்டும் சொல்லி நகர்கிறார். அவர் அடுக்கிய பட்டியல் டெட்ராய்டினுடையது. ஆனால் அதில் அவரவர் ஊரைப் பொருத்திப் பார்க்க வேண்டிய அளவுக்கு இடம் விட்டிருக்கிறார். தலைமுறை மாறியும் இந்தத் தட்டு பழசாகாமல் இருப்பதன் காரணம் அதுவே என்பது என் துணிபு.

என் தாய்மாமா இதை வாங்கியது 1973 இல். டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அந்த இடம் காலி செய்யப்பட்டபோது சிறுவனாகச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் டர்பன் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து சில காலமே ஆகியிருந்த மாமாவும் வெளியே வந்து நின்றார். பிற்பாடு கூலி கொஞ்சம் கூடியதும், நகரத்திலிருந்த ஓர் இசைத்தட்டுக் கடையில் அட்டையைப் பார்த்தே இதை எடுத்திருக்கிறார். பாட்டு என்னவென்று தெரியாது. அட்டையிலிருந்தவரின் நிறம் நம்முடையதைப்போல இருந்தது, அதுவே போதும் என்று நினைத்தேன் என்பார். மெக்சிகோவிலிருந்து டெட்ராய்டுக்குப் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பத்தின் ஆறாவது பிள்ளை ராட்ரிகஸ் என்பது அப்போது இங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டை டி.எம்.சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் தட்டுகளுக்கு நடுவில் மாமா வைத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஞாயிறு காலையில் முருகன் பாட்டு முடிந்து பாட்டி சமையலறைக்குப் போனதும் இது சுழலும். ‘ஐ வொண்டர்’ பாடலில் ஆண் பெண் உறவைப் பற்றி அந்நாளில் யாரும் வெளிப்படையாகப் பேசாத கேள்விகள் வருவதால், அந்த இடத்தில் மட்டும் மாமா ஒலியைக் குறைத்துவிடுவார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, இருந்தாலும் குறைப்பார். ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ பாடலுக்கோ ஒலியைக் கூட்டுவார். பாரக்ஸில் விட்டுவந்த தெருக்களின் பேர்களை அந்தப் பாட்டு ஓடும்போதுதான் அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வேறு எந்த நேரத்தில் கேட்டாலும், "அதெல்லாம் எதுக்குத் தம்பி இப்போ" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இதை வெள்ளையர்களின் இசைத்தட்டு என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வெள்ளை இளைஞர்களின் அறைகளிலேயே ஒலித்தது என்பதும், அப்பார்ட்ஹெய்ட் எனப்பட்ட இனஒதுக்கல் ஆட்சியின் படைக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள் இதைத் தங்களோடு கொண்டுபோனார்கள் என்பதும் உண்மையே. அதற்காக மற்ற வீடுகளில் இது நுழையவே இல்லை என்றாகிவிடாது. பாட்டுகள் நுழையும் வாசலைக்கூட ஆட்சியாளர்கள் காவல் காத்த காலம் அது. தொலைக்காட்சியே 1976 இல்தான் இந்நாட்டுக்கு வந்தது. தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் ‘ஷுகர் மேன்’ பாடலை ஒலிபரப்பவில்லை. கழகத்தின் சேமிப்பிலிருந்த தட்டில் அந்தப் பாடல் பதிந்த பகுதியை யாரும் போட முடியாதபடி கீறி வைத்திருந்ததைப் பின்னாளில் வந்த ஆவணப்படம் காட்டுகிறது. 1985 இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பள்ளிப் புறக்கணிப்புகள் நடந்துகொண்டிருந்தபோது நான் மேல்நிலை வகுப்பில் இருந்தேன். எங்கள் கையில் சுற்றிய கேசட்டுகளின் மேல் பாடகர் பேர் எழுதியிருக்காது. இந்து பக்திப் பாடல்கள் என்று எழுதியிருந்த ஒரு கேசட்டில்தான் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் ப்ளூஸ்’ என் நண்பர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டங்களில் முழங்கிய முழக்கங்கள் எங்களுக்குத் தைரியம் தந்தன. இந்தப் பாட்டு தந்தது வேறு ஒன்று: பார்ப்பதைப் பேர் சொல்லிச் சொல்லலாம், குரலை உயர்த்தாமலும் சொல்லலாம் என்ற பயிற்சி. என் எழுத்து நடைக்கு அதில் பங்குண்டு என்று இன்றும் நம்புகிறேன்.

ராட்ரிகஸ் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஒரு வதந்தி இங்கே நெடுங்காலம் உலவியது. தீ வைத்துக்கொண்டார் என்பார்கள் சிலர். சுட்டுக்கொண்டார் என்பார்கள் சிலர். கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீபன் செகர்மனும், கிரெய்க் பார்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளரும் தேடிப் புறப்பட்டு, ‘இன்னர் சிட்டி ப்ளூஸ்’ பாடலில் வரும் டியர்பார்ன் என்ற ஊர்ப்பேரைத் துப்பாகப் பிடித்துக்கொண்டு, அவர் டெட்ராய்டில் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1998 மார்ச்சில் அவர் இங்கு வந்து கேப் டவுன் பெல்வில் வெலோட்ரோம் அரங்கில் பாடியபோது, இறந்துபோனவர் என்று நம்பியவரை ஆயிரக்கணக்கானவர்கள் நேரில் கண்டார்கள். மாமா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்திருந்தார். மாலிக் பெஞ்செலூல் இயக்கிய ‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ என்ற அந்த ஆவணப்படம் 2012 இல் வந்து, மறு ஆண்டு ஆஸ்கர் பெற்றது. நல்ல படந்தான். ஆனால் 1979 இலும் 1981 இலும் ராட்ரிகஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பாடியதை அது விட்டுவிட்டது. எங்களைப் போன்ற வீடுகளையும் அது எட்டிப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்கு வருபவர்கள் அந்தக் கதையின் வழியாகவே பாட்டையும் கேட்கிறார்கள். கதையை ஒதுக்கிவிட்டுத் தட்டை மட்டும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். காணாமற்போன கலைஞர் என்ற இரக்கம் இந்தப் பாடல்களுக்குத் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளுக்கு அந்தக் கதையிலும் ஆட்சிக்கால நினைவுகளிலும் அவ்வளவு நாட்டமில்லை. மறுபதிப்பு வந்த அன்று நான்காவது பாட்டைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது நம்ம எத்தெக்வினியைப் பத்திப் பாடினதா?" என்றாள். டர்பன் மாநகராட்சியின் இன்றைய பேர் அது. குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராததையும், கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகள் மூடப்பட்டதையும், 2021 ஜூலைக் கலவரத்தையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். மாமா சற்றுக் கோபத்தோடு, "அப்போ நாங்க பட்டது வேற கண்ணு" என்றார். அவள் விடவில்லை: "குப்பை அள்ளாதது அப்பவும் இப்பவும் ஒண்ணுதானே தாத்தா." அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்த வாக்குவாதம் நடந்தது. மாமா தம் இளமைக்கால வேலைநிறுத்தத்தைப் பற்றி அவளிடம் முழுமையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ‘கொமோரா’ என்ற பாடலில் குழந்தைகளின் கூட்டுக்குரல் வருகிறது. அது ராட்ரிகஸ் எழுதியதன்று, அவருடைய மற்றப் பாடல்களின் நேர்மைக்குப் பக்கத்தில் அது சோடித்ததுபோலத் தெரிகிறது. முதல் பக்கத்தில் ‘ஹேட் ஸ்ட்ரீட் டயலாக்’ அவர் எழுதியதில்லை என்றாலும் அவர் குரலுக்குப் பொருந்தி வந்திருக்கிறது. ‘லைக் ஜேனிஸ்’ பாடலில் பெண்ணைக் குத்திக்காட்டும் தொனியை என் மகள் ஏற்கவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வசதி படைத்தவர்கள் ஏழைக்குச் சொல்லும் புத்திமதியைத் திருப்பிக் கொடுக்கும் ‘ரிச் ஃபோக்ஸ் ஹோக்ஸ்’ இரண்டாம் பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. எனக்குக் கிடைத்த பிரதியில் உள்ளுறை வெறுந்தாள். எடுத்து வைக்கும்போது உராயும். மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. டர்பன் ஈரக் காற்றில் அட்டை பூசணம் பிடிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் கேட்டால் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். கைபேசியில் ‘ஷுகர் மேன்’ பாடலை மட்டும் தட்டிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தட்டிலோ ஊசியை வைத்தால் நான்காவது பாட்டுவரை எழுந்துபோகத் தோன்றாது. ‘ஃபர்கெட் இட்’ என்ற சிறு பாடலோடு பக்கம் முடிந்து, தட்டைத் திருப்ப எழும்போது அறையில் இருப்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் நடந்த பேச்சுகளில் பாதி அந்த இடைவெளியில் நடந்தவை. பிளேயர் இல்லாதவர்கள் குறுந்தகடாவது வாங்கி முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். 1991 இல் இங்கே வெளிவந்த குறுந்தகடுகள் பழைய பொருள் கடைகளில் இன்னும் அகப்படுகின்றன.

ராட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8 அன்று தம் 81 ஆவது வயதில் காலமானார். இந்தத் தட்டு பிடித்துப்போனால் அடுத்து வாங்க வேண்டியது, இந்நாட்டில் 1976 இல் ‘ஆஃப்டர் த ஃபாக்ட்’ என்ற பேரில் வெளிவந்த அவருடைய இரண்டாவது தட்டு. முதலாவதைப்போல அது சீராக இல்லை. மென்மையான காதல் பாடல்கள் சில அளவுக்கு மீறி இனிக்கின்றன. ஆனாலும் வேலை பறிபோனவனின் வாயிலிருந்து வரும் ‘காஸ்’ என்ற கடைசிப் பாடலுக்காக மட்டுமே அதற்கும் பணம் கொடுக்கலாம்.