பழைய கட்டம், புதிய பாதை, கையால் செய்த அட்டை: எல்லையில் மலையாளம் படிக்க எது உதவியது?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவனுக்கு மலையாளம் பேச வராமல் இருக்காது. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் கேட்பார்கள், மீதிப் பேர் மலையாளத்தில். "பிண்ணாக்கு ஒரு சாக்கு மதி" (மதி என்றால் போதும்) என்று இரண்டையும் கலந்து கேட்கிறவர்களும் உண்டு. காது பழகிவிட்டது. வராதது எழுத்துதான். நான் படித்தது பொள்ளாச்சியில். பஞ்சாயத்து நோட்டீஸ், கரண்ட் பில், பஸ் போர்டு எதுவானாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஐம்பது வயதில் "தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பது ஒரு மாதிரி இருந்ததால், போனில் மொழி கற்கும் செயலி ஒன்றைப் போட்டேன். பெயர் வேண்டாம்.

அதன் பழைய வடிவம் எனக்குப் பிடித்திருந்தது. திறந்தால் கட்டம் கட்டமாகத் தலைப்புகள்: எழுத்து, எண்கள், குடும்பம், சாப்பாடு, கடைவீதி, அலுவலகம், பயணம். எதில் வேண்டுமானாலும் நுழையலாம். குடும்பம் எனக்கு எதற்கு? தாண்டிவிட்டேன். எழுத்துக் கட்டத்தில் மட்டும் ஆறு வாரம் கிடந்தேன். நமக்கு ஒரு க இருக்கிற இடத்தில் அவர்களுக்கு நான்கு. அப்புறம் சில்லெழுத்துகள்: ன், ண், ர், ல், ள் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பதற்குப் பதில் தனித்தனி உருவம். அப்புறம் கூட்டெழுத்து. இது முடிந்ததும் அலுவலகம், பயணம். ஏற்கனவே பேசத் தெரிந்தவனுக்கு இதுதான் சரியான வரிசை.

ஒரு ஞாயிறு காலை செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. கட்டங்களைக் காணோம். மேலிருந்து கீழாக வளைந்து போகும் ஒற்றைப் பாதை, அதில் வட்ட வட்டமாகப் பாடங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். என்னை முதல் வட்டத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, தண்ணீருக்கு மலையாளத்தில் என்ன என்று கேட்டது. வெள்ளம் ஐயா, வெள்ளம். முப்பது வருடமாகக் குடிக்கிறேன்.

இது என் ஒருவனுடைய புலம்பல் இல்லை. உலகத்திலேயே பெரிய மொழிச் செயலிகளில் ஒன்றான டியோலிங்கோ, கிளை கிளையாக இருந்த தன் பாட மரத்தை 2022இல் எடுத்துவிட்டு இதே மாதிரி ஒற்றைப் பாதைக்கு மாறியபோது, பல வருடமாகப் படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். எப்போது புதிய பாடத்துக்குப் போவது, எப்போது பழையதைத் திருப்பிப் பார்ப்பது என்ற குழப்பம் இனி இருக்காது என்பது நிறுவனத்தின் பக்கம். பாதை அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மைத்துனர் மகள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு நர்சிங் படிக்க வந்திருக்கிறாள். மலையாளம் சுத்தமாகத் தெரியாது. பழைய வடிவத்தில் அவள் சாப்பாட்டுக் கட்டத்தையே மூன்று முறை முடித்தாள், காரணம் அது சுலபம். புதிய பாதை வந்த பிறகு வேறு வழியில்லாமல் வினைச்சொல்லுக்குப் போனாள். பாதை நடுவிலேயே பழைய சொற்களைத் திரும்பக் கொண்டுவந்து கேட்பதால் மறக்கவும் இல்லை. "ஏனுங் மாமா, இதுதானுங்க நல்லாருக்குது, என்ன படிக்கறதுன்னு யோசிக்கவே வேண்டாம்" என்கிறாள். அவளுக்கு அது உண்மை. ஒன்றும் தெரியாதவருக்கு வரிசையை வேறொருவர் போட்டுத் தருவது உதவி. என்னைப் போல மேடு பள்ளமாகத் தெரிந்தவனுக்கு அது தடுப்புச்சுவர். வாளையாறு முதல் கோபாலபுரம் வரை எல்லையோரத்தில் இருக்கிறவர்கள் பலரும் என் ரகம்தான்: பேச்சு வரும், எழுத்து வராது.

இதில் இன்னொரு சிக்கல், நான் பார்த்த செயலிகளில் மலையாளத்தை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். நாம் போனேன், போனான், போனாள் என்று விகுதி மாற்றுகிறோம். மலையாளத்தில் ஞான் போயி, அவன் போயி, அவள் போயி, எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்திலும் இறந்தகால வினை இப்படி ஆளுக்கு ஆள் மாறாது என்பதால் ஆங்கிலம் வழிப் பாடத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஒரு வரி விளக்கத்தோடு போய்விடுகிறது. தமிழ் நாக்குக்கு இதுதான் பெரிய வேலை. அதேபோல அவசரம் என்றால் அவர்களுக்கு வாய்ப்பு, நமக்குப் பரபரப்பு. பழைய கட்டத்தில் இப்படிச் சறுக்கும் இடங்களுக்கு நானே திரும்பத் திரும்பப் போவேன். புதிய பாதையில் எது திரும்ப வரும் என்பதை அது முடிவு செய்கிறது.

மாற்றமே கூடாது என்கிற ஆள் இல்லை நான். எழுத்தே மாறியிருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி இருந்த வளைவை இழந்தன. என் அப்பா கடைசி வரைக்கும் கணக்கு நோட்டில் துதிக்கை போட்டுத்தான் எழுதினார், யாரும் தடுக்கவில்லை. மலையாளத்திலும் 1971இல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாக எழுத்தைத் திருத்தினார்கள். அதுவரை நம் கு, சு, து மாதிரி ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொண்டிருந்த உகரக் குறி தனியாகப் பிரிந்தது. ஆனால் பழைய லிபி அழியவில்லை, இன்றும் கண்ணில் படுகிறது. எழுத்தை மாற்றியவர்கள் வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. செயலி அதைத்தான் செய்தது. நான் விட்ட இடம், குறித்து வைத்த சொற்கள், எழுத்துக் கட்டம் எதுவும் ஒரு இரவுக்குப் பின் இல்லை. மிஞ்சியது தினமும் வந்து போனதற்கான நாள் கணக்கு மட்டும். அதை மட்டும் ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

சரி, மாற்று என்ன? பஸ் ஸ்டாண்டில் விற்கும் 'இத்தனை நாளில் மலையாளம்' வகைப் புத்தகம் வாங்கினேன். பேச வராதவருக்கு நல்லது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பதால் நான்கு ககரமும் ஒரே க ஆகிவிடுகின்றன. எனக்கு உதவவில்லை.

உதவியது அன்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்ட அட்டைச் செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. பார்க்க அழகே இல்லை, பழைய வங்கிக் கணினித் திரை மாதிரி இருக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். தெரிந்ததா, தடுமாறியதா என்று நாமே அழுத்த வேண்டும். தெரிந்தது பல நாள் கழித்து வரும், தெரியாதது உடனே வரும். வரிசையும் சொல்லும் முழுக்க நம்முடையவை. பஞ்சாயத்து நோட்டீஸைப் படம் பிடித்து, சொல் சொல்லாக வெட்டி அட்டை ஆக்கினேன். ஒரே சொல்லின் பழைய லிபி ஒரு அட்டை, புதிய லிபி ஒரு அட்டை. ஒலிக்கு, கடையில் மூட்டை இறக்கும் தம்பியின் குரலைப் பதிவு செய்தேன். பின்னணியில் லாரி ஹாரன் கேட்கும்.

2023இல் அன்கியும் மாறியது. அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணக்குப் போட ஒரு புதிய முறையைச் சேர்த்தார்கள். அமைப்பில் போய் நாமே அதை இயக்கினால்தான் வேலை செய்யும், இல்லையென்றால் பழைய கணக்கே ஓடும். நான் ஒரு மாதம் கழித்து இயக்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

குறை என்றால், ஆரம்பம் கொடுமை. முதல் நாற்பது அட்டைக்கு இரண்டு சாயங்காலம் போனது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராது. மைத்துனர் மகளுக்குப் போட்டுக் கொடுத்தேன், மூன்றாம் நாள் அழித்துவிட்டாள். அவள் பாதையில் நான்காம் பகுதி தாண்டிவிட்டாள், இப்போது வார்டில் நோயாளிகளிடம் மலையாளத்தில்தான் பேசுகிறாளாம். என்னிடம் ஏறக்குறைய அறுநூறு அட்டை இருக்கிறது. பஸ் போர்டு பஸ் நகர்வதற்குள் படித்து முடிகிறது, கரண்ட் பில்லும் அப்படியே. பழைய கட்டம் திரும்ப வந்தால் மறுபடி சேருவேனா என்றால், எழுத்துப் பகுதிக்காக மட்டும் சேருவேன்.

பாதைக்கு மாறிய அந்த மொழிச் செயலியின் வருடச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. தானாகப் பணம் பிடிப்பதை நிறுத்தலாம் என்று பார்த்தால், அந்தப் பட்டன் முன்பு இருந்த இடத்தில் இல்லை. அதையும் அவள்தான் தேடிக் கொடுத்தாள்.