அம்பாசிடருக்கு சைடு மிரர்: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

பழைய அம்பாசிடருக்குப் பொருந்தும் சைடு மிரர்களில் இன்று கடையில் அதிகம் கிடைப்பவை மூன்று வகை. கதவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மிரர், கதவுத் தகட்டில் துளை போட்டு ஸ்க்ரூவில் நிறுத்தும் நாலரை அங்குல வட்ட குரோம் மிரர், ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் தகடு) மேல் உட்காரும் புல்லட் மிரர். வண்டியைத் தினமும் ரோட்டில் எடுப்பவர் இரண்டாவது வகையை, இரண்டு கதவிலும் குவிக் கண்ணாடியோடு (நடுப்பகுதி வெளியே புடைத்த ‘கான்வெக்ஸ்’ கண்ணாடி) வாங்கினால் போதும். ஆனால் நல்ல மிரரை வாங்கித் தப்பான இடத்தில் மாட்டினால் காசு வீண். பாதி வண்டிகளில் நடப்பது இதுதான்.

முதலில் இடம். ஃபெண்டரில் மாட்டினால் பார்க்க அழகு, தலையையும் அதிகம் திருப்ப வேண்டாம். வலது ஃபெண்டர் மிரர் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலிருந்து சுமார் 13 டிகிரி விலகி நிற்கும். வலது கதவு மிரர் 50 டிகிரி தள்ளி, இடது கதவு மிரர் 70 டிகிரி தள்ளி. ஜப்பானில் உள்நாட்டு கார்களுக்கு 1983 வரை ஃபெண்டர் மிரர்தான் விதி. அங்கே டொயோட்டாவின் ஜேபிஎன் டாக்ஸி இன்றும் அப்படித்தான் வருகிறது. ஆகவே அதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

அடி வாங்குவது தூரத்தில். 115 மில்லிமீட்டர் அகலமுள்ள சமதளக் கண்ணாடி, கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி வலது கதவில் இருந்தால் ஏறத்தாழ 9 டிகிரி அகலத்துக்குப் பின்பக்கம் தெரியும். அதே கண்ணாடி 1.6 மீட்டர் தள்ளி ஃபெண்டருக்குப் போனால் 4 டிகிரிதான். சரி, குவிக் கண்ணாடி போடுவோம் என்றால், 1200 மில்லிமீட்டர் வளைவு ஆரம் (இது குறையக் குறையப் புடைப்பு கூடும்) உள்ளது கதவில் 20 டிகிரியும் ஃபெண்டரில் 15 டிகிரியும் காட்டும். அகலம் கிடைத்துவிட்டது. உருவம்தான் சுருங்கிவிடுகிறது. கதவில் பின்னால் வரும் லாரி சமதளக் கண்ணாடியில் தெரிவதில் பாதியளவுக்குத் தெரியும். ஃபெண்டரில் கால் பங்குதான். கால் பங்காகத் தெரியும் பஸ் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிப்பது கஷ்டம். புல்லட் மிரரின் தலை இதைவிடவும் சின்னது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகும் வண்டிக்கு அது இருக்கட்டும், பைபாஸில் லேன் மாறுவதற்கு வேண்டாம்.

இடது பக்கத்தில் சமதளக் கண்ணாடி அறவே கூடாது. ஓட்டுநரின் கண்ணுக்கும் இடது கதவு மிரருக்கும் 1.4 மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் அது 5 டிகிரிகூடக் காட்டாது. நம் ஊரில் பைக்குகள் நுழைவது அந்தப் பக்கம்தான்.

கடையில் ‘கான்வெக்ஸ்’ என்று கொடுப்பதை எல்லாம் அப்படியே வாங்கிவிட வேண்டாம். ஐரோப்பிய ஒழுங்குமுறையில் கார்களின் பிரதான வெளி மிரருக்கு வளைவு ஆரம் குறைந்தது 1200 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மலிவு மிரர்களில் இதில் பாதி ஆரம் வரும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது, அளந்தால் பிடிபடும். 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய நேரான ஸ்டீல் ஸ்கேல் துண்டைக் கண்ணாடியின் நடுவில் வைத்து, இரண்டு முனையிலும் இடைவெளி சமமாகும்படி பிடித்து, ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) முனையில் செருகிப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஆரம் 1200. 2 மில்லிமீட்டர் என்றால் 600. அது இடது கதவில் பின்வண்டியை ஆறில் ஒரு பங்காக்கிவிடும். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தால் நல்லதுதான்.

அடுத்து, கடையின் டியூப் லைட்டைக் கண்ணாடியில் விழவைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கோடு ஒரே சீராக வளைந்து நகர வேண்டும். நடுவில் எங்காவது நெளிந்தால் கண்ணாடி சரியில்லை. விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ரசப்பூச்சுக்குள் ஈரம் ஏறிவிட்டது, அது பரவும். தலையைப் பிடித்துத் திருப்பினால் உருண்டை மூட்டு இறுக்கமாக, ஒரே சீராக நகர வேண்டும். அடித்தளத்தைப் பிடித்து உதறும்போது தலை ஆடினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றே அதை மடக்கிவிடும். மூட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்கும் இறுக்கும் நட்டும் உள்ளதையே கேளுங்கள். வெறுமனே அழுத்தி மடித்த மூட்டு தளர்ந்தால் மறுபடி இறுக்க வழியில்லை. சென்னையில் இதற்கு ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையில் பழைய மிரர்கள் கிடைக்கும், உடல் நன்றாக இருந்து கண்ணாடி மட்டும் போனதைக்கூட வாங்கலாம், கண்ணாடியை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெட்டிப் போடும் கடைகளில் பெரும்பாலும் சமதளக் கண்ணாடிதான் இருக்கும் என்பதால், அந்த உடல் வலது பக்கத்துக்குத்தான் ஆகும்.

கிளாம்ப் மிரருக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. துளை போடுவதற்கு முன் இடம் பார்க்க அதைவிடத் தோதான பொருள் இல்லை. நிரந்தரமாக விட்டால், அதன் இரண்டு ஸ்க்ரூ முனைகளும் பெயிண்டைக் கடித்து உள்ளே இறங்கும், அங்கிருந்து துரு கிளம்பும். கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் தலை ஒரு நூல் இறங்கும். கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள சந்து சின்னதாக இருந்தால் கிளாம்ப் தகடே உரசும்.

இடம் குறிப்பதை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். சீட்டை வழக்கமான நிலைக்குக் கொண்டுவந்து, சாய்ந்து உட்கார்ந்து, வெளியே ஒருவரை மிரரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கதவு ஜன்னலின் முன் மூலையில் உள்ள முக்கோணக் கண்ணாடிக்கும் இறக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்கும் செங்குத்துச் சட்டம்தான் இங்கே எதிரி. மிரர் முழுசாகச் சட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டும், இல்லை முழுசாகப் பின்னால் தெரிய வேண்டும். சட்டம் நடுவில் வெட்டினால் அந்த இடமே வேண்டாம். முன்னால் என்றால் தலையைத் திருப்புவது குறையும், ஆனால் முக்கோணக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம்; கீறலும் மழைத்துளியும் அங்கே நிற்கும், துடைக்க வைப்பர் கிடையாது. வலது பக்கத்துக்குச் சட்டத்தை ஒட்டிப் பின்னால் வைப்பது மேல்: மழையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் தெளிவாகத் தெரியும். இடது பக்கத்துக்கு முன்னால் வைப்பதே சரி, இல்லாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரின் தோள் மறைக்கும்.

குறி வைத்த பிறகு முக்கோணக் கண்ணாடியை முழுசாகத் திறந்து பாருங்கள். அதன் பின் விளிம்பு வெளியே வரும், மிரர் தண்டில் இடிக்கக் கூடாது. கதவையும் கடைசிவரை திறந்து பாருங்கள். மிரர் ரொம்ப முன்னால் இருந்தால் தலை ஃபெண்டரில் முட்டும். இரண்டும் துளை போட்ட பிறகு தெரிந்தால் டிங்கரிங் செலவு.

துளைக்கு முன் கதவின் உள் டிரிம்மைக் கழற்றி, கண்ணாடியை முழுசாக இறக்கி, அது தகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று அளவெடுங்கள். ஸ்க்ரூ உள்ளே நீட்டும் நீளம் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். மிரரோடு பெட்டியில் வரும் ஸ்க்ரூ பெரும்பாலும் நீளம். அப்படியே ஏற்றினால் கண்ணாடியில் செங்குத்தாகக் கோடு விழும், நேராக முட்டினால் உடையும். தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்சால் லேசாகத் தட்டி, 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி, எம்5 ஸ்க்ரூவுக்கு 5.5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். டிரில்லை உள்ளே விடாமல் பிட்டில் டேப்பைச் சுற்றி ஆழத்துக்கு ஒரு தடை வையுங்கள்.

கதவுத் தகட்டை மட்டும் நம்பி ஸ்க்ரூ ஏற்றினால் மிரர் நடுங்கும். கண்ணாடி எவ்வளவு கோணம் ஆடுகிறதோ, அதில் விழும் பிம்பம் அதைப்போல் இரு மடங்கு ஆடும். 1489 சிசி டீசல் எஞ்சின் உள்ள வண்டியில் ஐடிலிங்கில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டே கலங்கிப்போகும். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் 60க்கு 80 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, நட்டுகளை அதில் வெல்டு வைத்து, கதவுக்கு உட்பக்கமாகக் கொடுத்தால் நடுக்கம் பெரிதும் அடங்கும். தண்டு குட்டையாக இருப்பதும் உதவும். துளை ஓரத்தைச் சீவி, பிரைமர் அடித்துக் காயவிட்டு, மேலே பெயிண்ட் தொட்டு, அடித்தளத்துக்குக் கீழே ரப்பர் பேக்கிங் வைத்த பிறகே இறுக்குங்கள். பிரைமரைச் சோம்பலில் விட்டவர்களின் கதவில், மிரருக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்து நிற்கும்.

கடைசியில் திசை. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று பரப்பிய முறைப்படி, தலையை வலது ஜன்னலில் முட்டும்வரை சாய்த்து, வண்டியின் பக்கம் இம்மி தெரியும்படி வலது மிரரை வைக்க வேண்டும். இடதுக்கு வண்டியின் நடுவரை சாய வேண்டும். இன்றைய கார்களுக்கு அது அருமை. அம்பாசிடரில் பின் கண்ணாடி சின்னது, உள் மிரர் காட்டும் அகலமும் குறைவு. அவ்வளவு வெளியே திருப்பினால் உள் மிரருக்கும் சைடு மிரருக்கும் நடுவே ஒரு பைக் ஒளிந்துகொள்ளும். ஆகவே தலையைப் பாதி தூரம் மட்டும் சாய்த்து வையுங்கள். பின் வண்டி ஒன்று முந்தும்போது, அது உள் மிரரை விட்டு வெளியேறும் முன்பே சைடு மிரரில் முகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு நூல் உள்ளே திருப்புங்கள். தொடுவானக் கோடு கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே நின்றதும் மூட்டின் நட்டை இறுக்கிவிடலாம்.