பனிக் கூடாரத் தரை: நுரைப் பாயா, பிளைவுட்டா?

உறைந்த ஏரியில் மீன்பிடிக் கூடாரம் போடுபவர்கள் தரைக்கு எதைப் போடுவது என்று குழம்புவது இந்த இரண்டில்தான்.

எடை: நுரைப் பாய்களை ஒரு கையில் தூக்கலாம். பிளைவுட்டுக்குச் சறுக்குவண்டி வேண்டும். கீல் வைத்து மடிக்கும்படி செய்யுங்கள்.

குளிர்: நுரைதான், சந்தேகமே இல்லை. உள்ளே சிறு சிறு மூடிய காற்றறைகள் கொண்ட நுரை தண்ணீரைக் குடிக்காது, பாதமும் சில்லிடாது. வெறும் பிளைவுட் ஈரம் குடித்துப் பனியோடு ஒட்டி உறைந்துவிடும். அடியில் பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் வகை) பலகை ஒட்டினால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

உறுதி: ஆணிக் காலணி நுரையைக் கிழிக்கும், பிளைவுட் தாங்கும். ஹீட்டரை மட்டும் இரண்டின் மேலும் நேரடியாக வைக்காதீர்கள்.

துளை: மீன்பிடிக்கப் பனியில் போடும் 8 அங்குலத் துளைக்குத் தரையில் 10 அங்குலமாவது வெட்டுங்கள், தூண்டில் நூல் உரசாது.

இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பாய். ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்கினால் பிளைவுட்.