தானாகக் கழன்ற பின்: பயிற்சி விளையாட்டுகளோடு நான்கு வருடம்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குத் தீ பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்புகளில் ஒன்று. நான்கு வருடமாக அதற்குக் கணினி விளையாட்டுகளைப் பயன்படுத்துகிறேன். முதல் வருடம் ஓடியது விலைக்கு வாங்கியது. அப்புறம் ஓடுவது நாங்களே செய்துகொண்டது. இரண்டிலும் எது மனதில் நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுகிறேன். பயிற்சி நடத்துகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

வாங்கிய விளையாட்டு பார்க்க அருமையாக இருந்தது. தீப்பிடித்த கட்டடத்துக்குள் ஒருவர் ஓடுவார். நாணயங்கள் சேரும், இசை வேகமெடுக்கும். எதிரே தீ வந்தால் அதற்குப் பொருத்தமான தீயணைப்பானைத் தொட வேண்டும். எல்லோரும் ரசித்து விளையாடினார்கள், கருத்துப் படிவத்தில் பாராட்டி எழுதினார்கள்.

ஆறு வாரம் கழித்துத் திறந்த வெளியில் ஒத்திகை வைத்தோம். இரும்புத் தட்டில் சின்னத் தீ, கையில் நிஜத் தீயணைப்பான். விளையாட்டில் நிறைய மதிப்பெண் எடுத்திருந்த ஒருவர் சரியான உருளையை எடுத்தார், சரியான தூரத்தில் நின்றார், கைப்பிடியை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். கைப்பிடியை அழுத்த விடாமல் பூட்டிவைக்கும் பாதுகாப்புப் பின் (pin) அப்படியே இருந்தது. நான் சொன்னதும் இழுக்கப் பார்த்தார். கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இழுத்ததால் பின் இறுகிக்கொண்டது. பயத்தில் பிடியைத் தளர்த்தவும் அவருக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு அந்த விளையாட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தீயணைப்பானைத் தொட்டதும் பின் தானாகக் கழன்று விழுந்தது. அரை நொடிகூட இருக்காது. பின் கழல்வதை அவர் நூறு தடவை பார்த்திருப்பார். ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

அதிலிருந்துதான் நினைவும் கற்றலும் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இப்போது எந்தப் பயிற்சி விளையாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: விளையாடுகிறவரின் கையும் மூளையும் இந்த நொடியில் உண்மையில் என்ன செய்கின்றன? பழகப்போவது அதுதான். சுற்றிலும் இருக்கும் கதையும் படமும் பழகாது.

இந்தக் கேள்வியோடு பார்த்தபோது பழைய விளையாட்டின் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. முதல் கட்டம் முழுக்க எண்ணெய்த் தீ, இரண்டாவது முழுக்க மின்சாரத் தீ. அப்படியென்றால் மூன்றாவது தீ வரும்போதே யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, முன்பு தொட்ட பொத்தானையே திரும்பத் தொடுகிறார்கள். எது என்ன தீ என்று பிரித்தறிவதுதான் வேலையே, அதற்கு அங்கே இடமே இல்லை. 2008-இல் கோர்னெல், பியோர்க் என்ற உளவியலாளர்கள் இருவர் ஓவியங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 12 ஓவியர்களில் சிலரின் படங்களை ஓவியர் வாரியாகத் தொகுத்தும், மற்றவர்களின் படங்களைக் கலந்தும் காட்டினார்கள். பிறகு புதிய படம் ஒன்றைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டால், கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் அதிகம் கண்டுபிடித்தார்கள். ஆனால் கலந்து பார்த்தது மேல் என்று பெரும்பாலானோர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் அப்படித்தான். நாங்கள் செய்த விளையாட்டில் தீ வகைகளைக் கலந்து கொடுத்த முதல் மாதம் முழுக்க, ‘குழப்பமாக இருக்கிறது’ என்ற புகார்தான். கட்டம் கட்டமாகவே கொடுத்துவிடலாமா என்று எனக்கே இரண்டு முறை மனம் தடுமாறியது. நல்லவேளை, மாற்றவில்லை.

அடுத்து விடைத் தெரிவுகளை நீக்கினோம். இப்போது காட்சி வரும், ஐந்து நொடி எதுவும் இருக்காது. என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விடை தெரியும். நான்கு படத்தில் ஒன்றை அடையாளம் காண்பது வேறு, ஒன்றுமில்லாத இடத்தில் நினைவிலிருந்து எடுப்பது வேறு. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பயிற்சி முடிந்த கையோடு வைக்கும் தேர்வை நான் நம்பாமல் போனதற்கு இதுதான் காரணம். அதை நிறுத்தியே விட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, விடைக்கு முன்னால் வரும் ஒரு சின்னக் கேள்வி: ‘உறுதியாகத் தெரியுமா, யூகமா?’ உறுதியாக நம்பிச் சொன்னது தப்பாகும்போது அந்தத் திருத்தம் ஆழமாகப் பதிகிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001-இல் காட்டினார்கள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். திரையில் விளக்கம் வந்தது: தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கும், அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகும், ஆவி சுமார் 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயை வெளியே வீசும். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் கழித்து அதைப் புதியவர் ஒருவருக்கு அவரே விளக்கிக்கொண்டிருந்தார். ‘தவறு, மீண்டும் முயல்க’ என்ற வரியால் இது நடந்திருக்காது. ஏன் தவறு என்பதைச் சொல்லாத விளையாட்டை நான் இனி வாங்க மாட்டேன்.

நாணயம், இசை, ஓடுகிற ஆள் எல்லாம் போயாயிற்று. ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவது நான்கு விஷயம் போலத்தான் என்பது உளவியலாளர் கோவன் 2001-இல் முன்வைத்த கணக்கு. அதில் ஒன்றை நாணயத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இடைவெளி பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே மறதியை அளந்து காட்டிவிட்டார். இருந்தும் பயிற்சி என்றால் ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காரவைப்பதுதான் எங்களிடமும் வழக்கமாக இருந்தது. இப்போது அதே நான்கு மணி நேரத்தை வருடம் முழுக்கப் பிரித்திருக்கிறோம். முதல் வாரம் இரண்டு அமர்வு, பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று. சுமார் ஒரு வருடம் கழித்து நினைவிருக்க வேண்டுமானால் இரண்டு அமர்வுக்கு நடுவே மூன்று வாரம் போல இருப்பது நல்லது என்று செபெடா குழுவினர் 2008-இல் கண்டதை ஒட்டி வைத்த கணக்கு இது. சொல்ல எளிது, நடத்துவது கஷ்டம். வேலை நெருக்கடி வரும்போது முதலில் தள்ளிப்போவது இந்தச் சின்ன அமர்வுதான்.

குறைகளும் உண்டு. கருத்துப் படிவத்தில் எங்கள் விளையாட்டு பழையதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறது. மேலதிகாரிகளுக்கு இதை ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருக்கிறது. புகையின் நெடி, வெப்பம், பயம் இவற்றைத் திரை தராது. இன்னொன்று தாமதமாகத்தான் உறைத்தது. பழைய விளையாட்டில் எல்லாத் தீயும் அணைந்துவிடும். எதிரே தீ வந்தால் நின்று அணை என்றுதான் அது பழக்கியிருக்கிறது! முதல் இரண்டு வருடம் எங்களுடையதும் அதையே செய்தது. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. வெளியேறும் வழி மறைகிறது, புகை தாழ இறங்குகிறது என்றால் எதையும் தொடாமல் வெளியே போய் மற்றவர்களை எச்சரிப்பதுதான் சரியான விடை. போன வருடம் அப்படிப்பட்ட காட்சிகளைச் சேர்த்தோம். இன்றைக்கும் அதிகம் தப்பாவது அவைதான்.

பின்னை இழுப்பதைத் திரையில் கொண்டுவர நான்கு விதமாக முயன்றோம். விரலால் தேய்ப்பது, அழுத்திப் பிடிப்பது, எதுவும் அந்த இழுவையைத் தரவில்லை. சரி என்று, உள்ளே அழுத்தம் இல்லாத பழைய உருளை ஒன்றை வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். விளையாட்டின் நடுவில், எப்போது என்று தெரியாமல், திரை கறுத்து ஒரு வரி வரும்: ‘எழுந்து போய் இழுங்கள்.’ பின்னைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் அடுத்த காட்சி. மாட்டிக் கழற்றி, பின் நுழையும் ஓட்டையின் ஓரத்தில் சாயம் முழுக்கத் தேய்ந்துவிட்டது.