ருமேனியாவோடு ஒரு பீரியட்: எட்டாயிரம் ரூபாய் கட்டிப் படித்த ஆன்லைன் பயிற்சி

பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி என்பதால் பணத்தில் இருந்தே தொடங்குகிறேன். ஆறு வாரத்துக்கு ஏறத்தாழ எட்டாயிரம் ரூபாய். டாலரில்தான் வாங்குகிறார்கள், யுபிஐ எல்லாம் கிடையாது. என் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அடைத்து வைத்திருந்ததால் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது, கடைசியில் வீட்டுக்காரர் கிரெடிட் கார்டில் கட்டினேன். "இத்தனை ரூபா கட்டி நீ ஹோம்வொர்க் எழுதப் போறியா?" என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

நான் பெரம்பூர் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேறு நாட்டில் இருக்கும் ஒரு வகுப்போடு சேர்ந்து நம் வகுப்பு ஒரு புராஜெக்ட் செய்வது எப்படி என்பதுதான் பயிற்சி. இது புதிய சங்கதி ஒன்றும் இல்லை. ஐஎர்ன் என்ற அமைப்பு 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியே பேசவைத்துத் தொடங்கியது, அப்போது சோவியத் யூனியனே இருந்தது. பள்ளிகளை இணைக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் இ-ட்வின்னிங் திட்டம் 2005-இல் வந்தது. நான் படித்தது இந்த இரண்டும் இல்லை, வேறோர் அமைப்பு நடத்தியது. குறைகளும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன், என்னோடு படித்தவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

நமக்குப் பழக்கமான ஆன்லைன் பயிற்சி எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவை மியூட்டில் ஓடவிட்டு, பக்கத்தில் விடைத்தாள் திருத்தி, கடைசியில் பத்துக் கேள்விக்கு விடை தட்டி, சான்றிதழை இறக்கி ஸ்டாஃப் குரூப்பில் போட்டால் நாலு பேர் கைதட்டுவார்கள். நானும் செய்தவள்தான். இங்கே அந்த வேலை நடக்கவில்லை. இருபது சொச்சம் பேர் கொண்ட ஒரு பேட்ச், ஒவ்வொரு வாரமும் எழுதிப் போட ஒரு வேலை, அதோடு வேறு இரண்டு பேர் எழுதியதைப் படித்து உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். "அருமை, தொடருங்கள்" என்று போட்டால் பயிற்றுநர் வந்து எது அருமை என்று கேட்பார். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் எல்லோரும் புராஜெக்ட் திட்டம் எழுத வேண்டும். நான் ரொம்பப் பெருமையோடு மழைநீர் சேகரிப்பைப் பற்றி எழுதினேன். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, எல்லாம் இருந்தது. என் பிள்ளைகள் பவர்பாயின்ட் செய்வார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளும் செய்வார்கள், மாற்றிக்கொள்வோம். பயிற்றுநர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: உங்கள் பிள்ளைகள் அனுப்புவதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

என்ன செய்வார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதானே என்று பதில் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் மூடி வைத்தேன். நம் பள்ளி ஆண்டு விழா மேடையில் நாம் ஒரு நிகழ்ச்சி போட, அவர்கள் ஒரு நிகழ்ச்சி போட, இரண்டு பக்கமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரியான திட்டம் அது. பதினெட்டு வருடமாக நான் புராஜெக்ட் என்று கொடுத்ததெல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான், சார்ட் பேப்பரில் ஒட்டி, மார்க் போட்டு, அலமாரியில். எட்டாயிரத்தில் ஐயாயிரம் இந்த ஒரு வரிக்கே போய்விட்டது என்று சொல்வேன், மீதி மூவாயிரத்தைப் பற்றித்தான் என் புகார்.

திட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி எழுதினேன். வீட்டில் மூன்று நாள் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் குறிக்க வேண்டும், வீட்டில் எந்த அளவில் சொல்வார்களோ அந்த அளவிலேயே. அந்தக் குறிப்பை வாங்கும் வகுப்பு அதை லிட்டராக மாற்ற வேண்டும், மாற்ற முடியாவிட்டால் கேட்க வேண்டும். என் வகுப்பில் இருந்து போனது பெரும்பாலும் குடம். "எட்டுக் குடம், அரை பக்கெட், ஒரு சொம்பு." இணையாகக் கிடைத்த இரண்டு வகுப்புகளில் ஒன்று தைவானில் தைச்சுங், இன்னொன்று ருமேனியாவில் க்ளுஜ். தைச்சுங்கில் இருந்து வந்த முதல் கேள்வி, குடம் என்பது எத்தனை லிட்டர். என் பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் அவர்களுக்கே தெரியவில்லை. அளந்து பார்த்தோம். ஒருத்தி வீட்டுக் குடம் 14 லிட்டர், இன்னொருவன் கொண்டுவந்தது 12 கூட வரவில்லை, இத்தனை நாள் ஒரு குடம் ஒரு குடம் என்று சொன்னது ஒரே அளவு இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது. இரண்டாவது கேள்வி, ஏன் குடம் எல்லாம் பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று இத்தனை கலராக இருக்கிறது. இதற்கு இன்னும் பதில் எழுதவில்லை, எங்களுக்குத் தெரியாது.

தெருவில் அடிபம்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி, 14 லிட்டர் குடம் நிரம்ப 42 அடி என்று எண்ணிக் குறித்திருந்தாள். மூன்று நாள் கழித்துத் தைச்சுங்கில் இருந்து பதில்: "எங்கள் பள்ளிக் கழிவறையில் ஒரு முறை ஃப்ளஷ் செய்தால் 6 லிட்டர், அப்படியென்றால் உங்கள் பம்பில் 18 அடி." அந்தப் பிள்ளைகள் வறட்சி தெரியாதவர்கள் இல்லை. 2020-இல் புயல் எதுவும் தைவானில் கரையேறாததால் 2021-இல் நீர்த்தேக்கங்கள் வற்றி, தைச்சுங்கில் முறை வைத்துத் தண்ணீர் நிறுத்தினார்கள். என் பிள்ளைகளுக்கு 2019 என்பது அம்மா சொல்லும் கதை, அவர்களுக்கு 2021 நினைவில் இருக்கிறது. 18 அடி என்ற அந்த வரியை நான் போர்டில் எழுதியபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை, எட்டாம் வகுப்பு பி பிரிவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இனி குறைகள். முதலாவது, பாடப்பொருள் பழசு. வீடியோப் பதிவுக்கு ஃப்ளிப் என்ற செயலியைச் சொல்லித் தந்தார்கள், அது 2024 ஜூலையிலேயே தனிச் செயலியாக இல்லாமல் போய்விட்டது. நேரடிப் பேச்சுக்கு ஸ்கைப் என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டு விளக்கம். ஸ்கைப்பை 2025 மே மாதமே மூடிவிட்டார்கள். மூடின கடைக்கு வழி சொல்வதற்கா டாலரில் வாங்குவது? கேட்டால் அடுத்த பேட்சில் மாற்றிவிடுவோம் என்கிறார்கள்.

இரண்டாவது, ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டே எல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இருந்தது என் போன், ஸ்மார்ட் கிளாஸ் அறையில் ஒரு புரொஜெக்டர், ஹெச்.எம். சார் அறை வைஃபை, அதுவும் அவர் நல்ல மூடில் இருந்தால். 43 பிள்ளைகள். இதை எழுதியபோது நைஜீரியாவில் இருந்து ஓர் ஆசிரியர்தான் வழி சொன்னார், பயிற்றுநர் இல்லை: பிள்ளைகள் தாளில் எழுதட்டும், நீங்கள் போனில் படம் எடுத்து ஒரே ஆன்லைன் பலகையில் ஒட்டுங்கள். அப்படித்தான் செய்தோம். படத்தில் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து ருமேனியப் பிள்ளைகள் அதை வரைந்து அனுப்பினார்கள், "குடம்" என்று ஒருவன் அழகாகவே எழுதியிருந்தான், 'ம்' மேல் புள்ளி மட்டும் விட்டுப்போயிருந்தது.

நேரம் பற்றி ஒரு வாரம் பாடம் உண்டு, ஆனால் அதில் வேண்டியது இல்லை. கிரீன்விச் நேரத்தைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால், தைவான் எட்டு, ருமேனியா கோடையில் மூன்று, குளிரில் இரண்டு, இது வரைக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பதும் அந்த அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. முதல் வீடியோ பேச்சு அவர்களுக்குக் காலை 9 மணி, எங்களுக்குப் பதினொன்றரை, பிரமாதமாக நடந்தது. இரண்டாவது அடுத்த வாரம், "அதே நேரம்" என்று க்ளுஜ் டீச்சர் எழுதினார். நாங்கள் பதினொன்றரைக்கு 43 பேரை நிற்கவைத்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடிய நேரத்தில் என் போனில் ருமேனியா வந்து நிற்கிறது. ஓடிப்போய்ப் பத்துப் பேரைப் பிடித்து வந்தேன், சாம்பார் சாதத்தோடு. சரி, அதுவும் ஒரு கலாசாரப் பரிமாற்றம்தான்.

அதற்கும் அடுத்த பேச்சு தைச்சுங்கோடு. அன்றைக்கு மழை, காலை ஆறரைக்கு லீவு விட்டுவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் நவம்பரில் எதையும் தேதி குறித்து வைக்கக் கூடாது என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும், பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரைப் பற்றிய பேச்சு தண்ணீரால் நின்றது என்று தைச்சுங் டீச்சருக்கு எழுதினேன், அவர் புயல் நாள் என்று அங்கேயும் லீவு விடுவார்கள் என்று பதில் போட்டார்.

நல்லதாக இன்னொன்று சொல்ல வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு. படம், பெயர், குரல் எது போகலாம், எது போகக் கூடாது என்று ஒரு முழு வாரம் எடுத்தார்கள். க்ளுஜ் டீச்சர் முகம் தெரியும் ஒரு படம்கூட அனுப்பவில்லை, ஐரோப்பாவில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர் ஊறிப்போனவர். நாமோ பிள்ளைகள் படத்தை இனிஷியலோடு பேஸ்புக்கில் போட்டுவிட்டுத்தான் ஹெச்.எம்.மிடம் சொல்வோம். நம் 2023 சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. தமிழில் ஒரு ஒப்புதல் கடிதம் எழுதி 43 வீட்டுக்கும் அனுப்பினேன், 39 கையெழுத்தோடு வந்தது, நான்கு பேருக்குக் கைகளும் குடமும் மட்டும் படத்தில்.

ஆங்கிலம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பயிற்சிக்கு ஆங்கிலம் வேண்டும், எழுதத் தெரிந்தால் போதும், பேசுவது குறைவு. பிள்ளைகள் விஷயம் வேறு. என் வகுப்பு தமிழ் மீடியம், முதல் பேச்சுக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கு வயிற்று வலி. ருமேனியப் பையன் ஒருவன் எழுந்து தடுமாறி, நடுவில் வார்த்தை மறந்து, பக்கத்துப் பையனிடம் அவன் மொழியில் கேட்டுவிட்டுத் தொடர்ந்தான். "மிஸ், அவனுக்கும் வரலை மிஸ்" என்று பின் பெஞ்சில் இருந்து சத்தமாக ஒரு குரல். அதற்கப்புறம் யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

நேரடி வகுப்புகள் புதன் இரவு ஏழரைக்கு. அடுப்பில் குக்கர், காதில் ஹெட்செட், ஆறு வாரமும் அப்படித்தான் போனது. பதிவு கிடைக்கும், ஆனால் பதிவைப் பார்த்தவர்கள் யாரும் இணை வகுப்பு பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நேரில் வந்து பேசியவர்களுக்குள்ளேதான் ஜோடி சேர்ந்தது. ஜோடி சேர்ந்த பிறகு ஒருவர் பதிலே போடாமல் காணாமல் போனால் என்ன செய்வது என்பதற்குப் பயிற்சியில் ஒன்றும் இல்லை, எனக்கு முதலில் கிடைத்த அர்ஜென்டினா டீச்சர் அப்படித்தான் போனார். அங்கே கல்வியாண்டு டிசம்பரில் முடிகிறது, நமக்கு அப்போதுதான் அரையாண்டு. இணை தேடும்போதே இரண்டு பக்கப் பரீட்சைத் தேதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சான்றிதழுக்காகச் சேர நினைத்தால் வேண்டாம், பதவி உயர்வுக்கெல்லாம் இது எங்கள் பள்ளியில் எடுபடவில்லை, ஹெச்.எம். சார் பார்த்துவிட்டு "சைன் எங்கேம்மா, சீல் எங்கே?" என்றார். பத்தாம் வகுப்பு எடுப்பவர்களும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுச் சேருங்கள். ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர், வாரத்தில் இரண்டு பீரியட்டை ஹெச்.எம். விட்டுக்கொடுப்பார் என்றால் தாராளமாகச் சேரலாம். அடுத்த பேட்ச் பிப்ரவரியில் என்கிறார்கள், அது நமக்கு ஆகாது, ஜூலைக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். நாலு பேராகச் சேர்ந்தால் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கிறார்கள், கேட்டால்தான்.

பயிற்சியில் பொம்மைப் பரிமாற்றம் என்றும் ஒன்று சொன்னார்கள், இரண்டு வகுப்புகள் கரடி பொம்மையைத் தபாலில் மாற்றிக்கொண்டு அது எழுதுவது போல நாட்குறிப்பு எழுதுவது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை அனுப்பலாமா என்று வகுப்பில் கேட்டேன், தலை தனியாகப் போய்ச் சேரும் மிஸ் என்றார்கள். தைச்சுங் பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டாமாம், ஆரஞ்சு கலர் குடம்தான் வேண்டுமாம். அண்ணா சாலை தபால் நிலையத்தில் போய் விசாரித்தேன். குடத்தின் விலை தெரியும், பார்சல் செலவைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாளாக ஹெச்.எம். சாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.