குழந்தைகளோடு நகைச்சுவைப் படத்துக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நகைச்சுவைப் படத்துக்குக் குடும்பத்தோடு போய், இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டோம். படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் ஏமாந்த விதம் எந்தப் படத்திலும் யாருக்கும் நடக்கக்கூடியது.

படம் சரியில்லை என்று வெளியான அன்றே காதில் விழுந்தது. அலுவலகத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னான்: “மாமா, நீங்களும் அக்காவும் வேண்டுமானால் போய் வாருங்கள். பாப்பாவை அழைத்துப் போகாதீர்கள்.” நான் கேட்கவில்லை. முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் மைக்கை நீட்டியே ஒரு படத்தைத் தீர்த்துக்கட்டிவிடுகிறார்கள் என்ற கோபம் எனக்கு உண்டு. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் விமர்சனம் எடுக்க விடாதீர்கள் என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டபோது, அது நியாயம்தான் என்று வாதாடியவன் நான். அந்தக் கோபத்தில், எங்கள் வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்துச் சொன்னவனின் பேச்சையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

போஸ்டரில் குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்னோட்டத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கல்யாண மண்டபத்துக்குள் புகுந்து பந்தியைக் கலைக்கும். எட்டு வயதாகும் என் மகள் அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாள். படத்தில் அந்த ஆட்டுக்குட்டி அரை நிமிடம்கூட வரவில்லை.

முதல் அரை மணி நேரம் இரட்டை அர்த்த வசனம். குழந்தைக்குப் புரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிறகு, பருமனான ஒரு பள்ளிச் சிறுமியை வைத்து ஒரு காட்சி. அவள் ஏறினால் ஆட்டோ சாய்கிறது. ஓட்டுநர் இரண்டு பேருக்கான காசு கேட்கிறார். அவள் கையில் இருக்கும் வடையைப் பிடுங்கி எறிகிறார்கள். அரங்கமே சிரித்தது. என் மகளும் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவள். பாப்கார்ன் டப்பாவுக்குள் விட்டிருந்த கையை மெல்ல வெளியே எடுத்தாள். டப்பாவை மூடி, குனிந்து இருக்கைக்கு அடியில் தள்ளினாள். அதன் பிறகு அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

இடைவேளையில் மேலாளரிடம் போய், குடும்பப் படம் என்று விளம்பரம் செய்துவிட்டு இப்படிச் செய்யலாமா, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் கைப்பேசியில் இருந்த டிக்கெட்டையே சுட்டிக்காட்டினார். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘யுஏ 16+’ என்று இருந்தது. “நீங்கள்தான் சார் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். முன்பு யுஏ என்று ஒரே பிரிவு இருந்தது; 12 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று அதற்குப் பொருள். 2023இல் சட்டத்தைத் திருத்தி, அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ‘ஏ’ படத்துக்கு 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது. யுஏ படத்துக்கு அப்படித் தடை கிடையாது, முடிவு பெற்றோர் கையில். அதனால் 16+ படத்துக்கு எட்டு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாலும் வாசலில் டிக்கெட் சரிபார்ப்பவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எங்களிடம் சொல்லவில்லை. முன்பதிவு செய்யும்போதே அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். வெறும் யுஏ என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

நான் பார்க்காதது என் தவறு. ஆனால் தணிக்கை வாரியம் 16+ என்று சான்றிதழ் கொடுத்த பிறகும், குழந்தைகளைக் கவரும் முன்னோட்டத்தை ஓடவிட்டு, குடும்பத்தோடு வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள் செய்தது மோசடி. அப்படித்தான் சொல்வேன்.

மூன்று டிக்கெட்டுக்கு ரூ.570, இணையக் கட்டணம் தனி. அது போகட்டும். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பள்ளியிலிருந்து மகளின் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், பசிக்கவில்லை என்கிறாள்.