மடற்குழுவா, இணைய மன்றமா: நடுகல் தேடும் ஒரு வட்டத்தின் 15 ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரியை மையமாகக் கொண்டு, விடுமுறை நாள்களில் நடுகற்களைத் தேடிச் செல்லும் எங்கள் சிறு வட்டம் 2009 முதல் மின்னஞ்சல் மடற்குழுவாகவும், 2014 முதல் 2019 வரை இணைய மன்றமாகவும், அதன்பின் மீண்டும் மடற்குழுவாகவும் இயங்கி வருகிறது. இரண்டிலும் மடல்களையும் பதிவுகளையும் ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராக நானே இருந்தேன். ஆர்வலர் குழு ஒன்றைத் தொடங்க எண்ணுவோர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவ்வப்போது கேட்பதால், நாங்கள் பெற்றதையும் இழந்ததையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் மக்கள் அவற்றை வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். ஆநிரைப் பூசலில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், இறந்த வீரனுக்காக நடப்பட்ட பழைய கற்களில் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் சில வரிகள் இருக்கும். அவ்வெழுத்தில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது. கல் தேய்ந்திருந்தால் ஒரே சொல்லை இருவர் இருவிதமாகப் படிப்பார்கள். ஒருவர் இன்று படம் எடுப்பார், மற்றொருவர் மூன்று மாதம் கழித்து மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படி) எடுப்பார், அதைப் பார்த்து வேறொருவர் ஓராண்டுக்குப் பின் வாசிப்பைத் திருத்துவார். ஆகவே மெதுவாக நடக்கும் உரையாடலும், பல ஆண்டுகளுக்குப் பின்னும் கிடைக்கக்கூடிய சேமிப்பும் எங்களுக்கு ஒருசேர வேண்டியிருந்தன.

மடற்குழு என்பது தமிழர்க்குப் புதிய ஏற்பாடன்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பல நாடுகளில் இருந்துகொண்டு மின்னஞ்சல் வழியாகவே பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்த்தார்கள். அந்த முறையையே நாங்களும் சிறிய அளவில் பின்பற்றினோம். அரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கல்லின் படத்தை அனுப்புவார்; தருமபுரியில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அன்றிரவே அதைப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசி வரியில் "தொறு" (மாட்டு மந்தை) என்ற சொல் தெரிகிறது, ஆகவே இது ஆநிரை மீட்ட கல்லாக இருக்கலாம் என்று மறுமொழி எழுதுவார். ஆசிரியர் உட்படப் பாதிப்பேர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். மடலைத் திறந்து படிப்பதற்குமேல் எந்தப் பயிற்சியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அஞ்செட்டி மலைப்பகுதியில் சிக்னல் கிடைக்காத இடத்திலும், காலையில் தொலைபேசியில் இறங்கியிருந்த மடலைக் கல்லின் எதிரே நின்றே படித்துச் சரிபார்க்க முடிந்தது. இந்த வசதியின் அருமை, அதை இழந்தபின்தான் எனக்கு விளங்கியது.

குறைகளும் இருந்தன. "வணக்கம்" என்ற பொருள் வரியில் தொடங்கிய மடலுக்கு "மறுமொழி: வணக்கம்" என்று இருபது மடல்கள் வரும், அவற்றுக்குள் மூன்று வெவ்வேறு கற்கள் கலந்திருக்கும். பழைய மடல் முழுவதையும் அடியில் விட்டுவிட்டு மேலே ஒரு வரி எழுதும் பழக்கத்தால், பல மடல்களை ஒன்றாகத் தொகுத்த திரட்டு மடலாகப் பெறுவோர் எதையும் படிக்க முடியாமல் தவித்தனர். தவறான வாசிப்பு ஒன்று அனுப்பப்பட்டுவிட்டால் அதை எவராலும் அழிக்க முடியாது. திருத்தம் வேறொரு மடலில் எங்கோ கிடக்கும். ஒரு கல்லின் ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதிய மடலை நம்பி, ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வெயிலில் அரைநாள் அலைந்ததற்கு நான் இன்றும் வருந்துகிறேன்.

2014இல் பெரிய மின்னஞ்சல் நிறுவனம் ஒன்று, தன் முகவரியிலிருந்து புறப்படும் மடல் பிறருடைய சேவையகம் வழியாகப் போய்ச் சேர்ந்தால் அதை ஏற்க வேண்டாம் என்று உலகிலுள்ள பெறுநர் சேவையகங்களுக்கெல்லாம் அறிவித்தது. போலி மடல்களைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் மடற்குழு என்பதே ஒருவரின் மடலை வாங்கி மற்றவர்க்கு அனுப்பும் அமைப்பு. அந்த முகவரி வைத்திருந்த எங்கள் உறுப்பினர்களின் மடல்கள் திரும்பி வரத் தொடங்கின. அந்தச் சலிப்பில் மன்றத்துக்கு மாறினோம்.

மன்றத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு கல்லுக்கு ஓர் இழை (ஒரே பொருள் பற்றிய பதிவுகளின் தொடர்), முதற்பதிவில் எப்போதும் திருத்தப்பட்ட வாசிப்பு, அதன்கீழ் படங்கள், அவற்றின்கீழ் விவாதம் என்ற ஒழுங்கு எங்களுக்கு அதுவரை கிடைக்காதது. புதிதாக வருபவர் ஊத்தங்கரை வட்டத்தை (தாலுகாவை) சொடுக்கினால் அங்குள்ள கற்களை எல்லாம் வரிசையாகக் காணலாம். (சூளகிரியும் அஞ்செட்டியும் தனி வட்டங்களானபோது நூற்றுக்கும் மேற்பட்ட இழைகளைக் கையால் நகர்த்த வேண்டியிருந்தது என்பது வேறு.) தகவலைத் தேடி எடுப்பதில் மடற்குழு மன்றத்துக்கு அருகில்கூட வராது.

ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே பேச்சு குறைந்தது. மன்றத்திலிருந்து செல்லும் அறிவிப்பில் ஓர் இணைப்பு மட்டுமே இருக்கும். அதைச் சொடுக்கி, மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றி, உள்ளே நுழைந்து படிக்க வேண்டும். தமிழாசிரியரிடம் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். "மடல் வந்தால் படிப்பேன் தம்பி. நானாகத் தேடிப்போய்ப் படிக்க வேண்டுமென்றால் மறந்துவிடுகிறது" என்றார். அவர் எழுதாததால் வட்டெழுத்து வாசிப்பே நின்றது. வாசிப்பு நின்றதால் படம் அனுப்புவோர் தளர்ந்தனர். மீதிநேரம் முழுவதும் விளம்பரம் இடுவதற்காகத் தானியங்கி நிரல்கள் உருவாக்கும் போலிக் கணக்குகளை நீக்குவதிலேயே எனக்குச் சென்றது.

2019இல் எங்களுக்குச் சேவையக இடம் தந்த நிறுவனத்தில் பழுது ஏற்பட்டு, மன்றம் முழுவதும் மறைந்தது. எங்களிடம் இருந்த காப்பு நகல் பல மாதம் பழையது. அதிலும் எழுத்துகள் மட்டுமே இருந்தன, படங்கள் இல்லை. 2014க்கு முந்தைய படங்களை உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகளிலிருந்து ஒரே வாரத்தில் திரட்டிவிட்டோம். மன்றக் காலத்துப் படங்களுக்கோ ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசி மாற்றியவர்களிடம் எதுவும் இல்லை. சாலை விரிவாக்கத்தின்போது இடம்பெயர்ந்து, பிறகு எங்களால் கண்டுபிடிக்க முடியாமற்போன ஒரு கல்லின் தெளிவான படம் அந்த மன்றத்தில் மட்டுமே இருந்தது. வேறெந்த இழப்பும் எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

அதற்காக மடற்குழு என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்க் குழுக்கள் பல இயங்கிய யாகூ குழுமங்கள், தளத்தில் இருந்த பழைய மடல்களை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்து, 2020 டிசம்பர் 15 அன்று முற்றாக மூடப்பட்டன. ஒவ்வொரு மடலையும் தம் பெட்டிக்கு வரவழைத்தவர்களிடம் அவை எஞ்சின. தளத்திலேயே படித்துவந்தவர்களிடம் எஞ்சவில்லை. ஆகவே இப்போது எங்கள் குழுவில் தளத்தில் மட்டும் படிக்கும் தெரிவை நான் எவருக்கும் கொடுப்பதில்லை.

இன்றைய ஏற்பாட்டில் ஒரு மடலுக்கு ஒரு கல்தான். பொருள் வரியில் முதலில் வட்டம், அடுத்து ஊர், பிறகு எண் வரவேண்டும். அப்படி இல்லாத மடலை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். முடிவான வாசிப்புகளை ஓர் எளிய அட்டவணையில் தொகுத்து ஆண்டுக்கு இருமுறை எல்லாருக்கும் அனுப்புகிறோம். மன்றத்தில் கிடைத்த ஒழுங்கில் பாதியாவது அதில் கிடைக்கிறது. தை மாதத்தில் குழுவின் மடல்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கி, நான்கு ஊர்களில் உள்ள நான்கு பேரிடம் பென்டிரைவில் கொடுத்து வைக்கிறோம். மின்னஞ்சலிலேயே மறுமொழி எழுத இடம்தரும் டிஸ்கோர்ஸ் போன்ற மன்ற மென்பொருளையும் பரிசீலித்தோம். சேவையக வாடகையும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் நிரந்தரமாக வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். அவை உள்ள குழுவுக்கு அதையே பரிந்துரைப்பேன். வாட்ஸ்அப்பை எந்தப் பேருந்தில் ஏறுவது என்று பேசிக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறோம்.

தமிழாசிரியர் மீண்டும் எழுதுகிறார். மன்றத்தோடு படம் தொலைந்த கற்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக நேரில் சென்று மறுபடி படமெடுத்து வருகிறோம். போச்சம்பள்ளி வட்டம் அறுவடை முடிந்து வரப்புகளில் நடக்க வழி கிடைத்தபின் தொடங்கும்.